கிரியேட்டிவ் குரோத் கலை மையம்

கிரியேட்டிவ் குரோத் கலை மையம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து நகரில் அமைந்துள்ள இலாப நோக்கற்ற கலைக்கூடம் ஆகும். இப்பெயருக்கு "ஆக்க வளர்ச்சி" என்று பொருள் கொள்ளலாம். அறிவுவளர்ச்சிக் குறைபாடு, உடற்குறைபாடு முதலியவற்றுடன் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட வயதுவந்தோர் இங்கு ஓவியம், சிற்பம், சுடுமண் வேலை, மரவேலை, அச்சுக்கலை, நூல்வேலை ஆகியவற்றில் ஈடுபட்டு வருகின்றனர். உளவியலாளரான எலியாஸ் காட்ஸ், அவருடைய மனைவியும் ஓவியரும் ஆசிரியருமான புளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸ் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தனர். மாற்றுத்திறனாளிகளுக்காக உலகின் பல நாடுகளில் இன்று இயங்கும் கலைக்கூடங்களுக்கு இது ஒரு முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளை அரசு நடத்திய பெரிய காப்பகங்களில் சேர்த்துவிடுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறுவது அமெரிக்காவில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு சேர்க்கப்பட்டவர்களில் பலர் கல்வியோ தொழிற்பயிற்சியோ இன்றி அங்கேயே முதுமை அடைந்தனர். கலிபோர்னியாவில் மட்டும் 1968ஆம் ஆண்டில் இத்தகைய அரசுக் காப்பகங்களில் 13,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 1969ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் நிறைவேறிய லான்டர்மன் சட்டம் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. வளர்ச்சிசார் குறைபாடு உடையோர் சமூகத்தின் நடுவே வாழ்ந்தபடியே தமக்கு வேண்டிய சேவைகளைப் பெறும் உரிமைக்கு அச்சட்டம் வழிவகுத்தது. ஓக்லாந்தை அடுத்துள்ள பெர்க்லி நகரில், மாற்றுத்திறனாளிகள் தாமே முன்னின்று நடத்திய தற்சார்பு வாழ்வு மையம் 1972ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

காப்பகங்களிலிருந்து வெளியே வந்தவர்கள் பகல்பொழுதை எங்கே, எவ்வாறு கழிப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அக்காலத்தில் இதற்குப் பொதுவாகக் கிடைத்த விடை, மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனியே நடத்தப்பட்ட பட்டறைகள் ஆகும். பொருள்களைப் பொதி செய்தல், வகை பிரித்தல், சிறு பாகங்களைப் பொருத்துதல் போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளே அங்கு வழங்கப்பட்டன. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரங்கள் சட்டத்தில் உள்ள ஒரு விதிவிலக்கின்படி, இத்தகைய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியிலும் குறைவாகக் கொடுப்பது சட்டத்திற்கு உட்பட்டதாகவே இருந்தது. கலிபோர்னியா 2021ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் மூலம் இவ்விதிவிலக்கைப் படிப்படியாக நீக்கி, 2025 சனவரியில் முற்றாக முடிவுக்குக் கொண்டுவந்தது.

காட்ஸ் இணையர் வேறொரு வழியை முன்வைத்தனர். கலையாக்கத் திறன் ஒவ்வொரு மனிதரிடமும் உள்ளது. அது வெளிப்படுவதற்கு இடமும் பொருள்களும் காலமும் வேண்டும் என்பது அவர்களது அடிப்படைக் கருத்து ஆகும்.

தொடக்கம்

கிரியேட்டிவ் குரோத் முதலில் பெர்க்லியில் இருந்த காட்ஸ் இணையரின் வீட்டு வாகனக் கொட்டகையில் தொடங்கியது. பின்னர் ஓக்லாந்து நகரின் 24ஆம் தெருவில், முன்னர் வாகனத் தொழிலுக்குப் பயன்பட்ட ஒரு பெரிய கட்டிடத்திற்கு இடம்பெயர்ந்தது. கலைக்கூடத்துடன் சேர்ந்து ஒரு காட்சிக்கூடமும் அங்கு அமைக்கப்பட்டது. படைப்பவர்கள் வேலை செய்யும் இடமும், பொதுமக்கள் வந்து படைப்புகளைப் பார்த்து வாங்கும் இடமும் ஒரே கூரையின் கீழ் அமைந்தமை இம்மையத்தின் தனித்தன்மைகளுள் ஒன்றாகும்.

காட்ஸ் இணையர் இதே முறையில் மேலும் இரு மையங்கள் உருவாகக் காரணமாக இருந்தனர். ரிச்மண்ட் நகரில் 1982ஆம் ஆண்டில் நையாட் கலை மையமும், சான் பிரான்சிஸ்கோ நகரில் 1983ஆம் ஆண்டில் கிரியேட்டிவிட்டி எக்ஸ்புளோர்ட் என்னும் மையமும் நிறுவப்பட்டன. இத்தகைய மையங்களை அமைப்பது எவ்வாறு என்பதை விளக்கி அவர்கள் எழுதிய நூல் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது.

செயல்படும் முறை

இங்கு வருவோர் வகுப்பறையில் அமர்த்தப்படுவதில்லை. திறந்த பெரிய கூடம் ஒன்றில் ஓவியம், களிமண், மரம், துணி, அச்சு எனத் துறைவாரியாகப் பகுதிகள் உள்ளன. எப்பகுதியில், எப்பொருளைக் கொண்டு, எவ்வளவு நேரம் வேலை செய்வது என்பதைக் கலைஞரே முடிவு செய்கிறார். ஒருவர் பல ஆண்டுகள் ஒரே வகைப் படைப்பில் ஈடுபடலாம். மற்றொருவர் துறைகளை மாற்றிக்கொண்டே இருக்கலாம். நிகழ்படம், ஆடை வடிவமைப்பு ஆகியனவும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன.

கூடத்தில் உதவுவோர் தாமும் கலைத்துறையில் ஈடுபட்டுள்ள கலைஞர்கள் ஆவர். கருவிகளைப் பாதுகாப்பாகக் கையாளுதல், நிறங்களைக் கலத்தல், களிமண்ணைச் சூளையில் சுடுவதற்கு ஏற்றவாறு பதப்படுத்துதல் போன்ற தொழில்நுட்பங்களை அவர்கள் கற்றுத்தருகின்றனர். ஆனால் எதை வரைய வேண்டும், எப்படி வரைய வேண்டும் என்று கூறுவதில்லை. கலைஞரின் படைப்பில் தம் கையால் திருத்தம் செய்வதும் இல்லை. கைகளை அசைக்க இயலாதவருக்குத் தூரிகையைப் பொருத்தும் வழியைக் கண்டறிவதும், பேச இயலாதவர் எந்த நிறத்தை விரும்புகிறார் என்பதைப் பார்வையாலும் சைகையாலும் அறிந்துகொள்வதும் உதவியாளரின் பணியில் அடங்கும்.

கலை மூலம் நோயைத் தணிக்க முயலும் கலைச்சிகிச்சையிலிருந்து இம்முறை வேறுபட்டது. சிகிச்சையில் படைப்பு என்பது நோயறியவும் நலப்படுத்தவும் உதவும் கருவியாகும். இங்கோ படைப்பே நோக்கமாகும். வருவோர் நோயாளிகளாகவோ மாணவர்களாகவோ அன்றிக் கலைஞர்களாகவே அழைக்கப்படுகின்றனர்.

ஜூடித் ஸ்காட்

இம்மையத்தின் கலைஞர்களுள் மிகுதியாக அறியப்பட்டவர் ஜூடித் ஸ்காட் ஆவார். இவர் மே 1, 1943 அன்று ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். ஜூடித்துக்கு டவுன் கூட்டறிகுறி இருந்தது. இரட்டைச் சகோதரியான ஜாய்சுக்கு இல்லை. குழந்தைப் பருவத்தில் ஏற்பட்ட செங்காய்ச்சலால் ஜூடித் கேட்கும் திறனையும் இழந்தார். இதனை நெடுங்காலம் எவரும் அறியவில்லை.

பள்ளியில் சேர்ப்பதற்காக அவருக்கு வாய்மொழிச் சோதனைகள் நடத்தப்பட்டன. கேள்விகள் காதில் விழாத குழந்தையிடமிருந்து விடை வரவில்லை. அதனடிப்படையில் அவரது நுண்ணறிவு ஈவு 30 எனவும், அவர் கற்பிக்க இயலாதவர் எனவும் தீர்மானிக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டில், ஏழு வயதில், அவர் ஒகையோவின் அரசுக் காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். அடுத்த 35 ஆண்டுகளை அவர் இத்தகைய காப்பகங்களிலேயே கழித்தார். 1980களின் நடுப்பகுதியில் ஜாய்ஸ் அவரது சட்டப்படியான காப்பாளர் பொறுப்பை ஏற்று, அவரைக் கலிபோர்னியாவிற்கு அழைத்து வந்தார்.

ஏப்ரல் 1, 1987 அன்று ஜூடித் கிரியேட்டிவ் குரோத்தில் சேர்ந்தார். வண்ணம் தீட்டுவதிலும் வரைவதிலும் அவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. முன்னேற்றத்தை அளந்து காட்டவேண்டிய ஒரு பயிற்சித் திட்டமாயின், பயனில்லை என்று கூறி அவரை விலக்கியிருக்கக் கூடும். இங்கு அவர் விலக்கப்படவில்லை. பின்னர் சில்வியா செவன்ட்டி என்னும் நூல்கலைஞர் நடத்திய பயிற்சியின்போது, ஜூடித் குச்சிகளை எடுத்து அவற்றைச் சுற்றி நூலைச் சுற்றத் தொடங்கினார். அது பயிற்சியில் கற்பிக்கப்பட்ட முறை அன்று. அவர் தாமே கண்டறிந்த முறை ஆகும்.

அதன்பின் தம் இறப்பு வரை அவர் இவ்வேலையை நிறுத்தவில்லை. கையில் கிடைத்த பொருள்களை நடுவில் வைத்து, கம்பளி நூல், துணிக்கீற்று, கயிறு ஆகியவற்றால் சுற்றியும் முடிச்சிட்டும் பல வாரங்கள் அல்லது மாதங்கள் உழைத்து ஒவ்வொரு சிற்பத்தையும் உருவாக்கினார். நாற்காலி, மிதிவண்டிச் சக்கரம், கடைகளில் பயன்படும் தள்ளுவண்டி ஆகியவையும் அவரது சிற்பங்களுக்கு அடிப்படையாயின. ஒரு சிற்பம் காகிதக் கைத்துடைப்பான்களை முடிச்சிட்டு உருவாக்கப்பட்டது. வேலை முடிந்ததும் சிற்பத்தைத் தம்மிடமிருந்து தள்ளி வைத்துவிடுவார். எதற்கும் பெயர் இடவில்லை. ஏறத்தாழ 18 ஆண்டுகளில் அவர் படைத்த சிற்பங்கள் 200 வரை இருக்கும். மார்ச் 15, 2005 அன்று தமது 61ஆம் வயதில் அவர் காலமானார்.

ஏனைய கலைஞர்கள்

* டுவைட் மெக்கின்டாஷ் (1906–1999): பதின்ம வயதில் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு 56 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர். 1978ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில் இம்மையத்திற்கு வந்தார். உட்பகுதிகள் வெளியே தெரியும் ஊர்திகளையும், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கோடுகளால் ஆன மனித உருவங்களையும் வரைந்தார்.
* டான் மில்லர் (பிறப்பு 1961): மதியிறுக்கம் உடையவர். மின்விளக்கு, உணவு, ஊர், மனிதர் ஆகியவற்றின் பெயர்களை ஒரே தாளில் மீண்டும் மீண்டும் எழுதி, எழுத்துகள் படிக்க முடியாத அடர்ந்த கோட்டுப் படலமாக மாறும்வரை தொடர்வது இவரது முறை.
* வில்லியம் ஸ்காட் (பிறப்பு 1964): சான் பிரான்சிஸ்கோ நகரைத் தாம் விரும்பும் வண்ணம் மாற்றியமைத்து வரைபவர். வறுமையும் வன்முறையும் நீங்கிய குடியிருப்புகளும், தம் சமூகத்தைச் சேர்ந்த கறுப்பின மக்களின் உருவங்களும் இவரது ஓவியங்களில் இடம்பெறுகின்றன. இவர் ஜூடித் ஸ்காட்டின் உறவினர் அல்லர்.

வருவாயும் அதன் வரம்பும்

காட்சிக்கூடத்தில் ஒரு படைப்பு விற்பனையாகும்போது, விலையில் பாதி கலைஞருக்குச் சேர்கிறது. மீதி மையத்தின் செலவுகளுக்குப் பயன்படுகிறது. அமெரிக்காவில் தொழில்முறைக் கலைஞர்களுக்கும் காட்சிக்கூடங்களுக்கும் இடையே பொதுவாக நிலவும் பங்கீடும் இதுவே ஆகும்.

எனினும் விற்பனை உயர்வது கலைஞருக்கு எப்போதும் எளிய நன்மையாக அமைவதில்லை. மாற்றுத்திறனாளிகளுள் பலர் துணைப் பாதுகாப்பு வருமானம் எனப்படும் நடுவண் அரசின் உதவித்தொகையை நம்பி வாழ்கின்றனர். அதனைப் பெறும் தனிநபர் ஒருவரின் கணக்கில் கொள்ளப்படும் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. இவ்வரம்பு 1989ஆம் ஆண்டிலிருந்து உயர்த்தப்படவில்லை. ஒரே ஒரு படைப்பின் விற்பனை கூட ஒருவரது மாத உதவித்தொகையைப் பாதிக்கக்கூடும். உதவித்தொகையுடன் மருத்துவ உதவியும் பல மாநிலங்களில் பிணைக்கப்பட்டுள்ளதால் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏபிள் சட்டம், மாற்றுத்திறனாளிகள் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்க வழிசெய்தது. இக்கணக்கில் உள்ள தொகையில் 100,000 டாலர் வரை மேற்கூறிய வரம்பில் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் கணக்கில் ஆண்டுதோறும் செலுத்தும் தொகைக்கு உச்ச வரம்பு உண்டு.

விவாதங்கள்

கலைக்கல்வி பெறாமல் கலையுலகிற்கு வெளியே நின்று படைப்போரின் ஆக்கங்களைக் குறிக்க, பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945ஆம் ஆண்டில் "பண்படாக் கலை" என்னும் கருத்தை முன்வைத்தார். அதற்கு இணையாக ஆங்கிலத்தில் "வெளியார் கலை" என்ற சொல்லை ரோஜர் கார்டினல் 1972ஆம் ஆண்டில் பயன்படுத்தினார். கிரியேட்டிவ் குரோத் கலைஞர்களின் படைப்புகள் நெடுங்காலம் இவ்வகையிலேயே வைக்கப்பட்டன. இவ்வகைப்பாடு அவர்களுக்கு ஒரு பார்வையாளர் கூட்டத்தைத் தேடித்தந்தது. அதே வேளையில், படைப்பைப் பார்ப்பதற்கு முன்பே படைத்தவரின் குறைபாட்டைப் பார்க்கச் செய்கிறது என்ற எதிர்ப்பும் உண்டு.

பேசவோ எழுதவோ இயலாத ஒருவரின் ஆக்கத்தைக் கலை என்று அழைப்பதும், அதனைக் காட்சிக்கு வைத்து விற்பதும் முறையா என்பது மற்றொரு விவாதம் ஆகும். ஜூடித் ஸ்காட் தம் சிற்பங்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. அவற்றைப் பொதிந்து வைக்கப்பட்ட இரகசியம் என்றும், இரட்டையரின் பிணைப்பு என்றும் பிறர் விளக்கியுள்ளனர். இவ்விளக்கங்கள் யாவும் விளக்குவோருக்கே உரியவை. ஆனால் நூலின் நிறத்தைத் தேர்ந்ததும், வேலை எப்போது முடிந்தது என்று முடிவு செய்ததும் அவரே என்பதில் ஐயமில்லை. கற்பிக்க இயலாதவர் என்று ஒருமுறை தவறாகத் தீர்மானிக்கப்பட்டவரின் வாழ்க்கையில், இவ்வாறு தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு 43 வயதுக்குப் பின்னரே கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அங்கீகாரம்

ஜூடித் ஸ்காட், டுவைட் மெக்கின்டாஷ் ஆகியோரின் படைப்புகள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள பண்படாக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன. ஜூடித் ஸ்காட், டான் மில்லர், வில்லியம் ஸ்காட் ஆகிய மூவரின் ஆக்கங்களும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளன. ஜூடித் ஸ்காட்டின் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றை 2014–2015 ஆண்டுகளில் புரூக்ளின் அருங்காட்சியகம் நடத்தியது. 2017ஆம் ஆண்டின் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவின் முதன்மைக் கண்காட்சியில் ஜூடித் ஸ்காட், டான் மில்லர் ஆகியோரின் ஆக்கங்கள், பிற நாடுகளின் தற்காலக் கலைஞர்களின் ஆக்கங்களுடன் சேர்த்து வைக்கப்பட்டன.

மையத்தின் 50ஆம் ஆண்டையொட்டி, சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் இம்மையக் கலைஞர்களின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைத் தன் நிலையான தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. 2024 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கு சிறப்புக் கண்காட்சி ஒன்றும் நடைபெற்றது. அதே ஆண்டில் வில்லியம் ஸ்காட், தாம் கற்பனை செய்த நகரத்தின் பெரிய சுவரோவியம் ஒன்றை அவ்வருங்காட்சியகத்திற்காகப் படைத்தார்.