தாண்டிப்போன பதினொன்றாம் வகுப்பு

2025 ஆகஸ்ட் 8-ம் தேதி தமிழக அரசின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது பத்திரிகைகள் இருமொழிக் கொள்கையைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. அதே செய்தியில் அடக்கமாக இன்னொன்றும் இருந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பள்ளி அளவில் பரீட்சை வைத்துக்கொண்டால் போதும். ஆயுசு பூராவும் கோப்புகளில் குனிந்து கிடந்த குமாஸ்தாவுக்குத் தலைப்பைவிட அடியில் கிடக்கும் வரிதான் முதலில் கண்ணில் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. கணக்கு டியூஷனின் கதையும் அதோடு பின்னிக் கிடக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதில் அடிபட்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வயசுக்காரர்களுக்கு அவசரப் படிப்பு என்றால் ‘டபுள் புரமோஷன்’தான் நினைவுக்கு வரும். ஆறாம் வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் இருந்தால் ஹெட்மாஸ்டர் அவனை நேரே எட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார். பையனின் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பையன் மட்டும் அந்தப் பெரிய லீவில் ஏழாம் வகுப்புக் கணக்கை யாராவது வாத்தியார் வீட்டுத் திண்ணையில் முடித்தாக வேண்டும். சரித்திரத்திலும் பூகோளத்திலும் ஒரு வருஷம் விட்டுப்போனால் குடி முழுகிப் போகாது. கணக்கில் விட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. அன்றைய பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வகுப்பைத் தாண்டலாம், பாடத்தைத் தாண்டக்கூடாது என்று டியூஷன் வைத்தார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே வகுப்பு எண் ஏறாது, இறங்கும். ‘ஸிஸியேம்’ என்ற ஆறில் தொடங்கி ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி ஒன்றுக்கு வந்து, அதற்குப் பிறகு ‘தெர்மினால்’. கல்யாணமான புதிதில் தேவாரத்தில் என் மாமனாரிடம், “நான் மூணாம் கிளாசில் அல்ஜீப்ரா படித்தேன் மாமா” என்று சொல்ல, அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அங்கேயும் வகுப்பைத் தாண்டும் வழக்கம் உண்டு. குதிப்பது என்ற சொல்லையேதான் அதற்கும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே எஸ்.எஸ்.எல்.சி. பதினொரு வருஷம், அதற்கு மேல் பி.யூ.சி. ஒரு வருஷம் என்று இருந்தது. ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று இரண்டு கணக்கு இருந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1978-ல் அதெல்லாம் போய் பிளஸ் டூ வந்தது. இரண்டு வருஷப் படிப்பு. ஆனால் அரசுப் பரீட்சை இரண்டாம் வருஷத்துக்கு மட்டும். ஓட்டை அன்றைக்கே விழுந்துவிட்டது. ஆனால் அதன் வழியாகத் தண்ணீர் பாய முப்பது வருஷம் பிடித்தது.

1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். 2006-ல் சட்டம் போட்டு 2007 முதல் அந்தத் தேர்வை எடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் வசதி இல்லை என்பது காரணம். அந்த நியாயத்தை நான் இன்றும் மறுக்க மாட்டேன். தேவாரத்துப் பையனுக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங் வேண்டுமென்றால் மதுரைக்கல்லவா பஸ் ஏற வேண்டியிருந்தது! ஆனால் அதன் பிறகு இன்ஜினியரிங் சீட்டு முழுக்க முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் போய் நின்றது. கணக்கு 200 மார்க்கை 100 ஆக்குவார்கள். இயற்பியலும் வேதியியலும் தலா 200-ஐ 50 ஆக்குவார்கள். கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை போகும், இயற்பியலில் போனால் கால்தான். கணக்கு டியூஷனுக்கு மற்ற டியூஷனைவிட மவுசு கூடியதன் சூட்சுமம் இதுதான்.

அப்படியானால் பதினொன்றாம் வகுப்புக்கு என்ன மதிப்பு? ஒன்றுமில்லை. இதைப் பெற்றோரை முந்திக்கொண்டு கண்டுபிடித்தவை சில தனியார் பள்ளிகள். முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய பள்ளிகள் பெருகின. மற்ற மாவட்டங்களும் பின்னாலேயே போயின. ஜனங்கள் அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பேர் வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஒரு வருஷப் பாடத்தை இரண்டு வருஷம் திருப்பித் திருப்பிப் போடுவது. வெளியிலிருந்து பார்த்தால் வேகப் படிப்பு, உள்ளே பார்த்தால் ஒரே இடத்தில் சுற்றும் செக்கு.

இப்போது அந்தப் புத்தகங்களைப் பாருங்கள். எல்லை என்றால் என்ன, வகையிடல் என்றால் என்ன, தொகையிடல் எங்கிருந்து வருகிறது, இதெல்லாம் பதினொன்றாம் வகுப்பில். முக்கோணவியலும் அதில்தான். பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அத்தியாயத்தின் பெயரே ‘வகை நுண்கணிதம்: பயன்பாடுகள்’. எதன் பயன்பாடு என்று பிள்ளை கேட்டால் பதில் தாண்டிப்போன புத்தகத்தில் இருக்கிறது! சூத்திரத்தை மனப்பாடம் செய், போ. 200 மார்க்கில் 40 ஒரு மார்க் கேள்வி, 60 ஆறு மார்க் கேள்விகளுக்கு, 100 பத்து மார்க் கேள்விகளுக்கு. எந்தக் கணக்கு எங்கிருந்து வரும் என்று அத்துப்படியாகிவிட்டால் நுண்கணிதம் தெரியாமலே இருநூற்றுக்கு இருநூறு வாங்கலாம். வாங்கினார்கள்.

நம் ஊரில் அப்போது ஒரு டியூஷன் வாத்தியார் இருந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். சனிக்கிழமை வரை பரீட்சைக்கு என்ன வேண்டுமோ அதை நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம். அதற்குத் தனிக் காசு கிடையாது. பெற்றோர் சிலர் வந்து, “பரீட்சைக்கு வராததை எதுக்கு சார் நடத்துறீங்க? அந்த நேரத்துல இன்னொரு டெஸ்ட் வைக்கலாம்ல” என்று சண்டை பிடித்தார்கள். அவர் சாக்குலூத்து மெட்டைக் கையால் காட்டுவார். “ஜீப்புல போறவன் போடிமெட்டு ரோட்டுல பதினேழு கொண்டை ஊசி வளைவு சுத்திப் போறான். நம்ம ஆளுக அந்தக் காலத்துல இந்தப் பாதையில நடந்து ஏலத்தோட்டத்துக்குப் போனாங்க. குறுக்குப் பாதைதான். ஆனா மலை ஒரு அடி குறைஞ்சுச்சா?” என்பார். மலையடிவாரத்து ஜனங்களிடம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சிலர் பிள்ளையை வேறு டியூஷனுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள்.

எங்கள் உறவில் ஒரு பையன். கணக்கில் 200-க்கு 197. இன்ஜினியரிங்கில் சேர்ந்து முதல் செமஸ்டர் கணக்கில் அரியர், இரண்டாவதிலும் அரியர். லீவுக்கு வந்தவன் இந்த வாத்தியாரிடம்தான் போய் உட்கார்ந்தான், கையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு. காலேஜ் பையன் பிளஸ் ஒன் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டதால் இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக வரச் சொன்னாராம்.

அவசரமாகப் படிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். ராமானுஜனை உதாரணம் காட்டுவீர்கள். சரி, அவர் கதையையே பார்ப்போம். கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது 1903 வாக்கில் அவர் கைக்குக் கிடைத்த புத்தகத்தை எழுதிய ஜி.எஸ். கார் என்பவரே ஒரு டியூஷன் வாத்தியார்தான். கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர் பிழைப்பு. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கி, நிரூபணத்தைச் சுருக்கியோ விட்டோ போட்ட புத்தகம் அது. இன்றைய பாஷையில் கைடு. ராமானுஜன் விட்டுப்போன நிரூபணங்களைத் தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தார், உலகம் அறிந்த கணித மேதை ஆனார். அதே ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் மற்றப் பாடங்களில் தோற்று, சென்னையில் வயிற்றுப்பாட்டுக்கு டியூஷன் எடுத்து, 1912-ல் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். (குமாஸ்தா என்ற வகையில் எங்கள் வர்க்கம்.) அவர் எதையும் தாண்டவில்லை. விட்டுப்போனதை நிரப்பினார்.

பிரான்சில் எவாரிஸ்த் கலுவா என்று ஒருவன். நாங்கள் பள்ளியில் கேட்ட பெயர். எக்கோல் பொலித்தெக்னிக் என்ற புகழ்பெற்ற இன்ஜினியரிங் கல்லூரிக்கு 1828-ல் வழக்கமான ஆயத்த வகுப்பைப் படிக்காமலே பரீட்சை எழுதினான், தேறவில்லை. பிறகு அந்த வகுப்பில் லூயி ரிஷார் என்ற நல்ல ஆசிரியரிடம் சேர்ந்தான். 1829-லும் தேறவில்லை, அது வேறு கதை. 1832-ல் இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனான். அவன் விட்டுப்போன காகிதங்களைக் கணித உலகம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. நான் கவனிப்பது அந்த ஆயத்த வகுப்பை. அது இன்றும் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தபின், இன்ஜினியரிங் பள்ளிக்கு முன்னால் பொதுவாக இரண்டு வருஷம். அங்கே வாராவாரம் ‘கோல்’ என்று ஒன்று நடக்கும். மூன்று மூன்று பிள்ளைகளாகக் கரும்பலகை முன் நிறுத்தி, ஏன், எப்படி என்று வாய்மொழியாகக் குடைவார்கள். அவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இரண்டு வருஷத்தைக் கூட்டினார்கள். நாம் இருந்த ஒரு வருஷத்தையும் கழித்தோம்.

நிற்க. 2017-ல் செங்கோட்டையன் கல்வி அமைச்சராகவும் உதயச்சந்திரன் செயலாளராகவும் இருந்தபோது அரசு விழித்துக்கொண்டது. அந்த வருஷம் நீட் வந்துவிட்டது, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு போலவே அதிலும் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி. பதினொன்றாம் வகுப்பைத் தாண்டியவர்கள் பாதிப் புத்தகத்தோடு போய் நிற்க வேண்டிய நிலை. 2017-18 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு என்று உத்தரவு வந்தது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது, வருஷத்துக்கு 600. இரண்டையும் கூட்டி 1200 என்றார்கள். முனைவர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டுப் புதிய பாடத்திட்டம் செய்து, 2018-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் புத்தகமும் வந்தது. கனமான புத்தகம். வாத்தியாரிடம் ஒரு பிரதி காட்டினார்கள், இரண்டு நாள் கீழே வைக்கவில்லை.

ஆனால் 2018 செப்டம்பரிலேயே உயர்கல்விக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க மாட்டோம், பன்னிரண்டின் 600 போதும் என்று மாற்றிவிட்டார்கள். மாணவர்களுக்கு அழுத்தம் என்றார்கள். அழுத்தம் உண்மைதான். ஆனால் பரீட்சை இருக்கும், மார்க்குக்கு மதிப்பிருக்காது என்றால் என்ன அர்த்தம்? அலுவலகத்தில் ‘பார்வைக்கு மட்டும்’ என்று சுற்றுக்கு வரும் காகிதத்தை எத்தனை பேர் படித்தோம்? இருந்தாலும் தேற வேண்டும் என்ற பயமாவது மிச்சமிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

மெட்டைத் தாண்டி உடும்பன்சோலைப் பக்கம் போனால் விஷயமே வேறு. கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு பரீட்சையையும் சேர்த்துத்தான் மொத்தம் 1200. ஆந்திராவிலும் இன்டர்மீடியட் இரண்டு வருஷமும் பரீட்சை உண்டு. ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் நம் சனங்களின் பிள்ளைகள் அங்கே பதினொன்றைத் தாண்ட முடியாது. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிப் போய் இருட்டியபின் திரும்புகிற தாய்மாரின் பிள்ளைகள், மலைக்குக் கீழே இருக்கும் ஒரே காரணத்தால், தாண்டலாம். காசு உள்ளவன் விட்டுப்போன வருஷத்தை ஜே.இ.இ. கோச்சிங்கில் லட்ச ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வான். மற்றவன் முதல் செமஸ்டரில் தெரிந்துகொள்வான். பரீட்சை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பதினாறு வயசுக் குழந்தைக்கு மூன்று வருஷத்தில் மூன்று பொதுத்தேர்வு அதிகம்தான். பரீட்சையை எடுத்துவிட்டு, பாடம் நடக்கிறதா என்று யார் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி.

வாத்தியாருக்கு இப்போது கண் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அவரிடம் படித்த ஒரு பெண் நடத்துகிறாள். அப்படித் தோட்டத்துக்குப் போய்வந்த ஒரு தாயின் மகள்தான். இன்ஜினியரிங் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகித் திரும்பி வந்தவள். ஆகஸ்ட் கடைசியில் கடைத்தெருவில் பார்த்தபோது வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“பரீட்சை இல்லன்னதும் பாதிப் பேரு நின்னுட்டாங்க தாத்தா. மிச்சப் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் ஓடிட்டு இருக்கு. அடுத்த மாசம் எல்லை ஆரம்பிக்கணும்” என்றாள்.