கோசி திரும்பிப் பாய்ந்த வழி

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் குசகாவுக்கு அருகே கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. பீகாரின் சுபௌல், மாதேபுரா, அராரியா மாவட்டங்களில், அரை நூற்றாண்டாகக் கோசியின் வெள்ளத்தை அறியாத ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. பாதிக்கப்பட்டவர்கள் முப்பது இலட்சத்துக்கும் மேல். சாலைகள் மூழ்கிவிட்டன, எந்த ஊர் தண்ணீரில், எந்த மேடு தப்பியது என்று தரையிலிருந்து சொல்ல வழியில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம்தான் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வெள்ள வரைபடங்களைத் தயாரித்து அனுப்பியது.

வானமெங்கும் பருவமழை மேகம். அதற்குக் கீழே கிடந்த தண்ணீர் எப்படித் தெரிந்தது?

1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளுக்கு மேகத்தை ஊடுருவும் கண் கிடையாது. அதே ஆண்டு செப்டம்பரில் அயோவா மாநிலத்தில் ஓர் ஆறு கரைபுரண்டது. செயற்கைக்கோள் அவ்வழியே வந்தபோது ஒரு வாரம் கடந்து வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனாலும் அகச்சிவப்புப் படத்தில், ஈரம் காயாத மண்ணும் வாடிய பயிரும் கருமையாகத் தெரிந்தன. வெள்ளம் எதுவரை வந்து போனது என்று அந்தக் கருமையை வைத்தே கோடு போட முடிந்தது. தண்ணீர் போன பின்னும் மண் சாட்சி சொல்லும் என்பது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! மறு ஆண்டு மிசிசிப்பி பெருகியபோது, முந்தைய இலையுதிர்காலப் படத்தையும் வெள்ளப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஆனால் லேண்ட்சாட் ஒரே இடத்துக்குத் திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆனது. அன்று மேகம் மூடியிருந்தால் அந்த முறையும் வீண்தான்.

ரேடார்தான் இதை மாற்றியது. அது சூரிய ஒளிக்குக் காத்திராமல் தானே நுண்ணலைகளை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. இரவும் மேகமும் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அலையை வேறு திசைக்குத் தள்ளிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். காற்றில் நீர் சிலிர்த்தாலோ, மரங்களுக்கடியில் தேங்கினாலோ படம் ஏமாற்றக்கூடும். ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 1991-லும் கனடாவின் ரேடார்சாட்-1 1995-லும் விண்ணுக்குச் சென்றன. கோசி உடைந்தபோது இந்தியாவிடம் சொந்த ரேடார் செயற்கைக்கோள் இல்லை; ரேடார்சாட் படங்களே கைகொடுத்தன. இந்தியாவின் ரேடார் செயற்கைக்கோளான ரிசாட்-1 ஏவப்பட்டது 2012-ல்தான்.

வெள்ளத்தைக் காட்டுவது ஒன்று, வரப்போவதைக் கணிப்பது வேறு. 1998 முதல் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்த இடம் எத்தனை முறை மூழ்கியது என்று எண்ணி, பீகாருக்கு வெள்ள அபாய வரைபடத் தொகுப்பு உருவாக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகத்துக்கு அது பெரும் உதவி. ஆனால் 2008-க்கு முந்தைய பத்தாண்டுப் படங்களை மட்டும் அடுக்கினால், கரைக்கு வெளியே இருந்த, கோசி புகுந்த அந்த ஊர்கள் பத்திரமானவையாகத்தான் தெரிந்திருக்கும்.

கரை நொடிக்கு ஒன்பதரை இலட்சம் கனஅடியைத் தாங்கக் கட்டப்பட்டது. உடைந்த அன்று நொடிக்கு ஓடியது ஏறக்குறைய 1.44 இலட்சம் கனஅடி. வெள்ளத்தின் அளவைவிட, ஆண்டாண்டாகப் படிந்த வண்டலும் பராமரிப்புக் குறையுமே கரையைப் பலவீனமாக்கின. உடைத்துக்கொண்ட ஆறு புதுவழி தேடவில்லை; கிழக்கே பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி, தான் எப்போதோ கைவிட்ட பழைய தடங்களில் இறங்கியது. அந்தத் தடங்கள் வயல்களுக்கிடையே மெலிந்த கோடுகளாகச் செயற்கைக்கோள் படங்களில் முன்பே பதிவாகியிருந்தன. 2009 தொடக்கத்தில் உடைப்பை அடைத்து ஆற்றைக் கரைகளுக்குள் திருப்பினார்கள். அது கொட்டிவிட்டுப் போன மணல், வயல்கள்மேல் வெண்பட்டைகளாகப் படங்களில் தெரிந்தது.