சிபாரிசு யாருக்கு?

ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகம் எதை எடுத்தாலும் 'பயணம்' என்று ஒரு பாடம் கட்டாயம் இருக்கும். 'கேன் யூ ரெக்கமெண்ட் எ குட் ஹோட்டல்?' என்று ஒருவர் கேட்பார். 'இட்ஸ் வொர்த் எ விசிட்', 'இஃப் ஐ வேர் யூ' என்று மற்றவர் ஆரம்பிப்பார். நாமும் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். எனக்கு இந்த 'ரெக்கமெண்ட்' என்ற சொல் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

நம்மூரில் சிபாரிசு என்றால் அது ஆளுக்குத்தான். 'இந்தப் பையனுக்குக் கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க சார்' என்போம். 'கும்பகோணத்தைச் சிபாரிசு பண்ணுங்க' என்று யாரும் கேட்பதில்லை. பயண விஷயத்தில் ஆங்கிலச் சொல்லும் ஒரு காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அதன் லத்தீன் வேரில் இருப்பதே 'ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தல்' என்ற பொருள்தான். ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பிய ஆங்கிலேயர் பெட்டியில் 'லெட்டர் ஆஃப் ரெக்கமெண்டேஷன்' இருக்கும். ஊரைப் பயணிக்குச் சிபாரிசு செய்யும் கடிதம் அல்ல அது. பயணியை ஊர்க்காரருக்குச் சிபாரிசு செய்வது.

இதற்கு நான் பார்த்ததில் அருமையான உதாரணம் 1638 ஏப்ரலில் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் சர் ஹென்றி வாட்டன். வெனிஸில் இங்கிலாந்தின் தூதராக இருந்தவர், அப்போது ஈட்டன் கல்லூரியின் தலைவர், வயது எழுபதை ஒட்டி. பெற்றவர் இத்தாலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த 29 வயது ஜான் மில்டன். ஆமாம், பிற்பாடு 'பாரடைஸ் லாஸ்ட்' எழுதியவரேதான். அந்தக் கடிதத்தைத் தன் 1645 கவிதைத் தொகுப்பில் மில்டனே அச்சிட்டுவிட்டதால் நமக்குக் கிடைத்தது.

வழி சொல்கிறார் வாட்டன். பாரிஸிலிருந்து பிரான்ஸின் நீளத்துக்கும் போய் மார்சேய், அங்கிருந்து கடல்வழியாக ஜெனோவா, அப்புறம் டஸ்கனி. ஜெனோவாவிலிருந்து டஸ்கனிக்குப் போகும் படகு தினப்படி சமாசாரம், நம்ம தேம்ஸ் நதிப் படகு மாதிரி என்று தைரியம் சொல்கிறார். பாரிஸில் ஒரு பிரபு வீட்டுப் பையனுக்குக் காப்பாளராக இருந்தவரிடம் கொடுக்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதமும் வைக்கிறார். சிபாரிசுக் கடிதம்! எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும் இல்லை. கோபுரம், ஓவியம், சாப்பாடு, ஒன்றும் கிடையாது.

அதற்குப் பதில் ஒரு கதை இருக்கிறது. வாட்டன் இளைஞராக இருந்தபோது சியெனா நகரில் ஒரு கிழவர் வீட்டில் தங்கினார். அந்தக் கிழவர் ஒரு பிரபுவிடம் வேலை பார்த்தவர். பிரபுவின் குடும்பமே கழுத்து நெரித்துக் கொல்லப்பட, முன்யோசனையால் இவர் மட்டும் தப்பியவர். வாட்டன் அவரிடம் கேட்ட கேள்வி: ரோமில் மற்றவரையும் புண்படுத்தாமல் என் மனசாட்சியையும் விற்காமல் பத்திரமாக நடமாடுவது எப்படி? வாட்டன் புராட்டஸ்டண்ட், ரோம் போப்பின் ஊர். உளவாளி என்று பிடித்தால் உயிரே போகலாம். கிழவர் சொன்ன பதிலின் சாரம், எண்ணத்தைப் பூட்டி வை, முகத்தைத் திறந்து வை என்பதுதான். இதையேதான் மில்டனுக்கும் சொல்லி அனுப்புகிறார் வாட்டன்.

மில்டன் கேட்டாரா என்றால், இல்லை. மதப்பேச்சைத் தானாக ஆரம்பிப்பதில்லை, ஆனால் யாராவது கேட்டால் மறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதுகிறார். நேப்பிள்ஸில் மான்சோ என்ற பிரபு கூடவே வந்து ஊரைச் சுற்றிக் காட்டினார். மில்டன் மதத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் நிறைய உபசரித்திருப்பேனே என்று விடைபெறும்போது வருத்தப்பட்டிருக்கிறார் மனுஷன்.

ஆக, அன்றைய பயணி கேட்டது 'அங்கே என்ன இருக்கிறது?' என்று அல்ல. 'அங்கே என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?' என்றுதான். (ஆற்றுப்படை ஞாபகம் வருகிறவர்களுக்கு: எனக்கும் வந்தது. அது தனிப் பதிவு.)

அந்தச் சொல்லின் திசை மாறியது 19-ஆம் நூற்றாண்டில். பிரபுக்கள் மட்டும் போன இடங்களுக்கு, நீராவிக் கப்பலும் ரயிலும் வந்த பிறகு, நடுத்தர வர்க்கமும் கிளம்பியது. அவர்களுக்கு எந்தப் பிரபுவையும் தெரியாது. அவர்களுக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் மரியானா ஸ்டார்க். இவருடைய அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மெட்ராஸில் வேலை பார்த்தவர் என்பது நமக்கு ஒரு உபரி சுவாரஸ்யம். 1820-இல் வந்த பயண நூலில் ஓவியங்களின் தரத்தை ஆச்சரியக்குறி போட்டே குறித்தார் அம்மணி. எத்தனை குறியோ அத்தனை உசத்தி! இன்றைய ஸ்டார் ரேட்டிங்கின் பாட்டி என்று தாராளமாகச் சொல்லலாம். அவர் நூலை வெளியிட்ட ஜான் மர்ரேயின் நிறுவனம் 1836-இலிருந்து சிவப்பு அட்டைக் கையேடுகளைப் போட ஆரம்பித்தது. ஜெர்மனியின் பேடெக்கர் அதைப் பார்த்து நட்சத்திரக் குறியைப் பிரபலமாக்கினார். இப்போது சிபாரிசு ஹோட்டலுக்கு. பயணி யார் என்று புத்தகத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

'வொர்த்' என்ற சொல்லும் இங்கேதான் பலம் பெறுகிறது. அது ஒரு வியாபாரக் கணக்கு: போட்ட காசுக்கும் அலைச்சலுக்கும் தகுமா? 1779-லேயே சாமுவேல் ஜான்சன் அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே பாறைகளைப் பற்றி, பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் அதற்காகக் கிளம்பிப் போகத் தகுந்ததல்ல என்ற பொருளில் ஒரு போடு போட்டிருக்கிறார். மிஷ்லின் டயர் கம்பெனி 1930-களில் இதே கணக்கை உணவகங்களுக்குப் பொருத்தியது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழி விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். டயர் விற்பவர் வேறெப்படி அளப்பார்!

மிஷ்லின் இப்படி அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1936-இல், நியூயார்க்கில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு சிறு கையேடு வெளியிட்டார். 'நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்'. 2018-இல் வந்த ஹாலிவுட் படத்தால் பலருக்குப் பெயர் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவரிடம் கார் இருக்கலாம், கையில் காசும் இருக்கலாம். ராத்திரி தங்க ஹோட்டலில் இடம் தர மாட்டார்கள். சாப்பாடு கிடைக்காது, சில பங்க்குகளில் கழிப்பறைக்குக்கூட விட மாட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு கறுப்பர்கள் இருக்கவே கூடாது என்று சொல்லும் ஊர்கள் இருந்தன. அங்கே மாட்டிக்கொண்டால் அடி, சில சமயம் அதைவிட மோசம்.

கிரீன் முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும் பட்டியல் போட்டார், பிறகு நாடு முழுக்க. எந்த ஹோட்டலில் விடுவார்கள், எந்த சலூனில் முடி வெட்டுவார்கள், எந்த கராஜில் வண்டியைத் தொடுவார்கள். ஹோட்டலே இல்லாத ஊர்களில் தனி வீடுகளின் விலாசம் இருக்கும். பல வீட்டுக்காரர்கள் பெண்கள், பெயருக்கு முன்னால் 'மிஸஸ்' என்று போட்டிருக்கும். சியெனா கிழவரின் வீடு மாதிரிதான், முன்பின் தெரியாத ஆளுக்குத் திறக்கும் ஒரு கதவு. பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்ததுதான், ஆனால் அது கூடுதல் காசு கொடுத்தவர்களுக்குப் போட்டது. 'வொர்த்' பார்க்கிற நிலைமையிலா இருந்தார்கள்!

எங்களுக்குச் சம உரிமை கிடைக்கும் நாளில் இந்தப் புத்தகம் நின்றுவிடும், அது எங்களுக்கு ஒரு பெரிய நாள் என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருந்தார்கள். கிரீன் அந்த நாளைப் பார்க்கவில்லை, 1960-இல் இறந்துவிட்டார். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. கடைசிப் பதிப்பு 1966-67-க்கானது. அதன் அட்டையில் 'நீக்ரோ' என்ற சொல் இல்லை, 'டிராவலர்ஸ் கிரீன் புக்' என்று மட்டும் இருந்தது.