மரணக் கணக்கும் எடைக் கணக்கும்: திருவிதாங்கூரின் பேறுகால வரலாற்றில் விடுபட்ட ஒரு பத்தி

கேரளத்தின் உடல்நல வரலாற்றைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் முன்வைக்கும் சான்று மரண விகிதம்தான். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கையின்படி, இங்கு உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவர்கள் 6 பேர். இந்திய அளவில் அது 28. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19. இந்திய அளவில் 97. இதே கேரளத்தில், திருவனந்தபுரத்திலுள்ள அச்சுத மேனோன் மையம் 2016–17-இல் மாநிலம் முழுவதும் நடத்திய ஆய்வு, 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவும், பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாகக் கண்டது.

இவ்விரண்டு செய்திகளையும் நாம் தனித்தனி இயல்களாகவே எழுதி வருகிறோம். முதலாவது சாதனை, இரண்டாவது வளமையின் விலை. வளைகுடாப் பணம், பரோட்டா, உடலுழைப்பின்மை என்று இரண்டாவதற்குக் காரணங்களை அடுக்கி முடித்துவிடுகிறோம். அக்காரணங்களை மறுப்பது இப்பதிவின் நோக்கமன்று. ஆனால் மேற்சொன்ன ஆய்வில் இடம்பெற்ற மூத்தவர்கள் 1940-களின் இறுதியில் பிறந்தவர்கள். அவர்களுடைய தாயர் 1943-இல் சிறுமியராகவோ இளம்பெண்களாகவோ இருந்தனர். அவ்வாண்டு திருவிதாங்கூரில் என்ன நடந்தது என்பதைக் கருதாமல் அம்மூத்த தலைமுறையின் உடல்நலத்தை விளக்க முனைவது வரலாற்று மாணவர்களுக்கு அழகன்று.

முதலில் சாதனையின் கதை. அதன் மையத்தில் திருவனந்தபுரம் தைக்காட்டுப் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையும் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸும் இருக்கின்றனர். 1886-இல் பிறந்த மேரிக்கு, பெண் என்பதால் இங்கே அறிவியல் பாடம் மறுக்கப்பட்டது. மகாராஜா கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, 1916-இல் திரும்பித் தைக்காட்டில் பொறுப்பேற்றார். மருத்துவமனையில் பிள்ளை பெறுவதை இழுக்காகக் கருதிய காலம் அது. பரம்பரையாகப் பேறு பார்த்தவர்களின் மக்களுக்கே பயிற்சியளித்து அவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். தம் முதற்குழந்தையையும் அம்மருத்துவமனையிலேயே பெற்றுக்கொண்டதாகக் கூறுவர். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 1930-களின் தொடக்கத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் சமஸ்தானப் பொதுச் சுகாதாரத் துறையும் சீரமைக்கப்பட்டது.

இந்த மாற்றத்தின் தடத்தைச் சொற்களிலும் காணலாம். மலையாளத்தில் பேறு பார்ப்பவள் வயற்றாட்டி, பதிச்சி, தமிழில் மருத்துவச்சி. 'மருத்துவன்' என்பதற்கு இயல்பான பெண்பால் 'மருத்துவச்சி'. ஆயினும் அச்சொல் பேறு பார்ப்பவளுக்கே உரியதாகிவிட்டதால், பட்டம் பெற்ற பெண் வந்தபோது அவரைக் குறிக்க 'லேடி டாக்டர்' என்ற சொல்லை மக்கள் கடன் வாங்கினர். பழைய சொல்லில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. நாவிதர், வண்ணார் முதலிய சமூகப் பெண்களின் தொழிலாக அது எண்ணப்பட்டது. புதிய சொல்லுடன் புதிய பதிவேடும் வந்தது. மருத்துவச்சியின் அறிவு நினைவில் இருந்தது. லேடி டாக்டரின் அறிவு ஏட்டில் ஏறியது. ஆனால் அரசின் அறிக்கைக்கு அந்த ஏட்டிலிருந்து பெரும்பாலும் தேவைப்பட்டது ஒரே செய்தி: தாயும் சேயும் பிழைத்தனரா, இல்லையா?

பிழைத்தவர்கள் எப்படிப்பட்ட உடலோடு பிழைத்தார்கள் என்ற கேள்வி இங்குதான் விடுபடுகிறது.

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெற்று வந்தது. பர்மா அரிசி அதில் முதன்மையானது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வரவு நின்றது. விசாகம் திருநாள் மகாராஜாவின் காலத்திலிருந்து ஊக்குவிக்கப்பட்ட மரச்சீனிக் கிழங்கே ஏழைகளின் வயிற்றை நிரப்பியது. கிழங்கு மாவுச்சத்தைத் தரும். புரதத்தை மிகக் குறைவாகவே தரும். சேர்த்தலை போன்ற கடலோரத் தாலுகாக்களில் பட்டினியும் காலராவும் சேர்ந்து தாக்கின. கே.ஜி. சிவசாமியும் உடன் பணியாற்றியோரும் 1945-இல் வெளியிட்ட அறிக்கை, 1943–44-இன் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றியது. வங்கப் பஞ்சத்தின் பேரழிவுக்கு முன் இத்துயரம் சிறியதாகத் தெரிந்ததால், தேசிய வரலாற்றில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு அளவுக்கே இடம் கிடைத்தது. இத்துடன் கொக்கிப்புழுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைத்தோரின் இரத்தத்தை அது ஆண்டுக்கணக்கில் உறிஞ்சியது. ஏற்கெனவே இரத்தச்சோகையுள்ள ஒரு பெண் கருவுற்றால், அவளுடைய குறை கருவையும் பாதிக்கும்.

கருப்பையில் நேர்ந்த குறை ஐம்பது ஆண்டுகள் கழித்து நெஞ்சுவலியாக வெளிப்படுமா? இக்கேள்விக்கு விடை தேடும் வழியைத் திறந்தவை பழைய பேரேடுகள். இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயர் வட்டாரத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அலுவலரின் மேற்பார்வையில், 1911 முதல் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பெடையும் ஓராண்டு எடையும் எழுதிவைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் அவ்வேடுகளில் இருந்தவர்களைத் தேடி, 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களைப் பற்றிய முடிவுகளை 1989-இல் வெளியிட்டனர். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தோரிடையே இதயநோய் மரணம் கூடுதலாக இருந்தது. குறையான ஊட்டத்துக்கு ஏற்பக் கரு தன் உறுப்புகளின் வளர்ச்சியைச் சுருக்கி அமைத்துக்கொள்கிறது. அவ்வமைப்பு பிற்கால வாழ்வின் சுமையைத் தாங்கத் தவறுகிறது என்பது பார்க்கரின் விளக்கம்.

இனி, திருவிதாங்கூருக்கு நேரடியாக ஒப்பிடத்தக்க ஒரு சான்று. 1944–45 குளிர்காலத்தில், செருமானிய ஆக்கிரமிப்பின் கீழ் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அதாவது, நம் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஒரு மருத்துவமனை தன் பேறுகால ஏடுகளைப் பாதுகாத்து வைத்திருந்ததால், அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் தேடிச் சோதிக்க முடிந்தது. கருவாக இருக்கையில் பட்டினிக்கு ஆளானவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கருக்காலத்தின் தொடக்கத்தில் பட்டினியைச் சந்தித்தவர்களிடையே இதயநோய் மிகுந்திருந்தது. அவர்களில் பலர் இயல்பான எடையுடன் பிறந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. சில மாதங்களே நீடித்த அந்தப் பசியைப் பற்றி இன்று உலகெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். திருவிதாங்கூரின் பசி அதற்கு மூத்தது. பலருக்கு அது பிறப்பு முதல் பழகிய பசி. ஆயினும் ஏடு உள்ள பசிக்கே அறிவியலில் இடம் கிடைத்தது.

தென்னிந்தியாவிலும் ஏடு காத்த ஓர் இடம் உண்டு. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் மருத்துவமனை 1934 முதல் குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைப் பதிந்து வந்தது. 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்த 517 பேரைப் பற்றிய ஆய்வு 1996-இல் வெளிவந்தது. 2.5 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயநோய், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் அது 3 விழுக்காடு மட்டுமே. நீரிழிவின் கதை இவ்வளவு நேரானதன்று. மைசூரில் அது நீளம் குறைந்து உடல் திரண்டு பிறந்தவர்களிடமே மிகுந்திருந்தது. புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர், சராசரியாக 2.7 கிலோ எடையுடன் பிறந்த கிராமத்துக் குழந்தைகளை 3.5 கிலோ எடையுள்ள இங்கிலாந்துக் குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். இந்தியக் குழந்தையின் தசையும் வயிற்றுறுப்புகளும் மிகவும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த குழந்தை, உடலமைப்பில் கொழுத்தே பிறக்கிறது.

இந்த முடிவுகளைக் கேரளத்தின் மேல் அப்படியே பொருத்திவிடுதல் கூடாது. வறிய குடும்பத்தில் எடை குறைந்து பிறந்தவர் பின்னரும் வறுமையிலேயே வளர்கிறார். அவருடைய நோய்க்குக் கருப்பை காரணமா, பிற்கால வாழ்க்கை காரணமா என்று பிரித்தறிவது கடினம். பார்க்கரை மறுத்தோர் இதனை வலுவாகவே எடுத்துக்காட்டினர். மேலும், பஞ்சத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தோரிடமும் இன்று நீரிழிவு மிகுந்திருக்கிறது. ஆகவே நான் சொல்வது இவ்வளவே: குறையூட்டத்தில் வளர்ந்த தாயின் வயிற்றில் உருவாகி, பின்னர் வளமான சூழலில் வாழ நேர்ந்த ஒரு தலைமுறை கேரளத்தில் இருந்தது. மருத்துவமனை அத்தலைமுறையின் உயிரைக் காத்தது. அதன் தாயரின் சிறுவயதுப் பசியை மாற்றும் ஆற்றல் மருத்துவமனைக்கு இல்லை. மரணம் வேகமாகக் குறைந்தது. பெண்களின் உடல்நலம் அவ்வேகத்தில் உயரவில்லை. இவ்விரு வேகங்களுக்கும் இடையிலான தொலைவுதான் நாம் எழுத வேண்டிய வரலாறு.

இதைத் தாய்மீது பழி சுமத்தும் வாதமாக யாரும் வாசித்துவிடலாகாது. "அம்மா சரியாகச் சாப்பிடவில்லை" என்ற தொடருக்கு இலக்கணப்படி எழுவாய் அம்மா. வரலாற்றின்படி எழுவாய் வேறு: அரிசிக் கப்பல், போர், பங்கீட்டுக் கடை, கூலி, கணவனும் பிள்ளைகளும் உண்டபின் பானையில் எஞ்சியதை உண்ணும் வீட்டு வழக்கம். கருவுற்ற ஒன்பது மாதத்துக்கு மட்டும் சத்துமாவு கொடுப்பது, பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த குறையை ஈடு செய்யாது. இது பழங்கதையும் அன்று. 2019–21-இன் தேசியக் குடும்பநல ஆய்வில், கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகையுடன் இருந்தனர். முந்தைய ஆய்வைக் காட்டிலும் இது சற்றுக் கூடுதல். உலகமே வியக்கும் சிசு மரண விகிதத்தோடு இந்த எண்ணும் ஒரே மாநிலத்தில் இருக்கிறது.

1944-இல் சிறுவயதிலேயே மறைந்த இளவரசர் அவிட்டம் திருநாளின் பெயரில், 1952-இல் திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை எழுந்தது. அதே வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையம், எடை குறைந்து பிறந்த குழந்தைகளைப் பதின்பருவம் வரை தொடர்ந்து கவனித்திருக்கிறது. அத்தகைய கவனிப்பு காலத்தில் பின்னோக்கியும் செல்ல வேண்டும். பழைய அரசு மருத்துவமனைகளிலும், நெய்யூர், நாகர்கோவில் போன்ற தென் திருவிதாங்கூர் ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளிலும் பேறுகால ஏடுகள் எந்த அளவுக்கு எஞ்சியுள்ளன என்று ஒரு பட்டியல் எடுப்பதே முதற்பணி. அவ்வேடுகள் பல மொழிகளிலும் கையெழுத்துகளிலும் சுருக்கக் குறிகளிலும் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்க மருத்துவ மாணவர் மட்டும் போதமாட்டார். வரலாறும் மொழியியலும் பயின்றவர்கள் உடனிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, பெயர்களை நீக்கி, எண்களை மட்டும் படியெடுக்கலாம்.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் முதுகலை மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 1940-களில் பிறந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதினர். அவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய பிறப்பெடை எழுதப்பட்ட பக்கத்தையும் கண்டெடுத்தால்தான் இரண்டையும் சேர்த்து வாசிக்க முடியும். இடவபாதி மழையும் கரையானும் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.