முதல் 512 பைட்டுகள்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் போட்டு, ஆன் செய்ததும் வரும் மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பலருக்குப் பழகிய வேலை. அந்த வேலைக்கு இடம் கொடுத்தது ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டர். 512 பைட்தான் அதன் அளவு. எம்பிஆர், அதாவது மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று பெயர். டூயல் பூட்டின் வரலாறு முழுவதும் இந்தச் சின்ன இடத்தை யார் வைத்துக்கொள்வது என்ற போட்டிதான்.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அதற்கென அறிவிக்கப்பட்ட இயங்குதளங்களோ மூன்று: டாஸ், சிபி/எம்-86, யூசிஎஸ்டி பி-சிஸ்டம். வேறொன்று வேண்டுமென்றால் ஃப்ளாப்பியை மாற்றிப் போட்டால் முடிந்தது. 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வந்ததும் நிலைமை மாறியது. இதை உருவி எடுத்து வேறொன்றைச் செருக முடியாது. ஒரே டிஸ்க்கைத்தான் பலருக்கும் பங்கு பிரிக்க வேண்டும். டாஸ் 2.0 அதற்கு ஒரு பாகப்பத்திரம் எழுதியது. முதல் செக்டரின் கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரை. அதற்கு முந்தைய 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரம், ஒன்றுக்கு 16 பைட் வீதம். மீதி 446 பைட்டில் ஒரு குட்டி நிரல்.

அந்த நிரல் செய்கிற வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் முதல் செக்டரைப் படித்து நினைவகத்தில் 31,744ஆம் பைட்டில் இறக்கும். அது 32 கிலோபைட்டுக்குச் சரியாக ஒரு கிலோபைட் முன்னால் உள்ள இடம். நினைவகமே 32 கிலோபைட்டாக இருந்த காலத்தின் கணக்கு. அங்கே இறங்கிய நிரல் முதல் காரியமாகத் தன்னையே 1,536ஆம் பைட்டுக்கு நகலெடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்யும். பிறகு நான்கு வரிகளையும் பார்த்து, 'ஆக்டிவ்' குறி உள்ள பார்ட்டிஷனின் முதல் செக்டரை எடுத்துவந்து, தான் விட்டுவந்த அதே 31,744இல் வைத்து, பொறுப்பை ஒப்படைக்கும். வந்து உட்காரும் இயங்குதளத்துக்கு இடையில் ஒருவர் இருந்ததே தெரியாது. பயாஸ் நேராகத் தன்னைத்தான் அழைத்ததாக எடுத்துக்கொள்ளும். ஒரு பூட் லோடர் மற்றொன்றை அழைக்கும் 'செயின்லோடிங்' எல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. இவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு அழகாக எழுதப்பட்ட இன்னொரு நிரலை நான் பார்த்ததில்லை.

அறை நான்கு, ஆனால் வாசல் ஒன்று. வாசலில் நிற்பவர் கையில்தான் எல்லாம். இதை வைரஸ் எழுதியவர்களும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1987இல் நியூசிலாந்தில் தோன்றிய ஸ்டோன்டு வைரஸ், அசல் எம்பிஆரை அதே டிராக்கில் வேறு செக்டருக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்தது.

லினக்ஸ் வந்த பிறகு வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட் லோடர் இங்கே குடியேறியது. அதற்கு ஃபைல் சிஸ்டம் தெரியாது. கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, அதன்படி எடுக்கும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால் குறிப்பு பழசாகிவிடும், பூட் ஆகாது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் அச்சிடும். நான்கு எழுத்தும் வந்தால் நல்லது. இரண்டோடு நின்றால், இரண்டாம் கட்ட நிரல் வந்தது, ஆனால் ஓடவில்லை என்று பொருள். பிழைச்செய்தி எழுத இடமில்லாதபோது இதைவிட நல்ல வழி ஏது?

1995இல் எரிக் போலின், குனு ஹர்ட் இயங்குதளத்தை பூட் செய்வதற்காக கிரப் என்ற பூட் லோடரைத் தொடங்கினார். 1999இல் அது குனு திட்டத்தில் சேர்ந்தது. கிரப்பால் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க முடியும். கெர்னலைப் பெயர் சொல்லியே கேட்கும். அந்த அறிவுக்கு 446 பைட் எப்படிப் போதும்? முதல் பார்ட்டிஷனை அடுத்த டிராக்கில் தொடங்குவது அன்றைய வழக்கம் என்பதால், முதல் செக்டருக்குப் பின்னால் 62 செக்டர் சும்மா கிடந்தது. கிரப் தன் உடம்பை அங்கே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் முதல் செக்டரில் நீட்டியது.

விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் அந்தத் தலை போய்விடும். யாரையும் கேட்காமல் 446 பைட்டின் மேல் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் பார்ட்டிஷனும் அதிலிருந்த ஃபைல்களும் பத்திரமாகவே இருக்கும், உள்ளே போக வழிதான் இருக்காது. எல்லாம் போயிற்று என்று நம்பி முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. லைவ் சிடியில் பூட் செய்து கிரப்பைத் திரும்ப எழுதினால் சில நிமிட வேலை. 'முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்' என்ற விதி இப்படித்தான் பிறந்தது. 1983இல் நால்வருக்கு இடம் வைத்துக் கட்டிய ஒன்றை, பின்னால் வந்தவர்கள் ஒருவருக்கே சொந்தம்போல நடத்தியது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு போஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. அது அந்தப் பழைய எண்ணத்துக்கு நெருக்கமானது.

எம்பிஆரை ஓரங்கட்டியது சண்டை அல்ல, கணக்கு. செக்டர் எண் எழுத அதில் 4 பைட்தான் உண்டு. 2 டெராபைட்டைத் தாண்டி எண்ண முடியாது. புதிய முறையான ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு. பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐயில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் பொதுப் பார்ட்டிஷனில் தனி ஃபோல்டர். ஒருவர் இடத்தில் ஒருவர் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் தகராறு ஓயவில்லை: 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், சரிபார்க்கப்பட்ட பூட் நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டின் பட்டியலை மாற்றியதால் டூயல் பூட் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றது.

முதல் செக்டர் மட்டும் இன்னும் போகவில்லை. ஜிபிடி டிஸ்க்கிலும் அது எழுதப்படுகிறது. நான்கு வரிகளில் மூன்று காலி. ஒன்றில் மட்டும், முழு டிஸ்க்கும் ஒரே பார்ட்டிஷன் என்று பதிந்திருக்கும். ஜிபிடி தெரியாத பழைய மென்பொருள் ஏதாவது வந்து பார்த்தால், டிஸ்க் காலி என்று எண்ணி எழுதத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக.