கடலுக்காகப் பெற்ற திருமுழுக்கு

முத்துக்குளித்துறை மக்கள் மறையுண்மைகளைக் கேட்டறிந்தா திருமுழுக்குப் பெற்றனர், பிழைப்புக்காக அல்லவா பெற்றனர் என்று நம்மிடம் கேட்பவர் உண்டு. பிற சமயத்தார் மட்டுமன்று, நம்மவரும் கேட்கின்றனர். கேள்வியைக் கேட்டதும் நமக்குச் சினம் வருகிறது. சினம் தணிந்தபின் சற்றே வெட்கமும் வருகிறது. இரண்டும் வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். தூத்துக்குடியின் பழைய வரலாற்றைப் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் தொழிலைச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உள்ளன. கடலோடிகள் அவற்றைப் 'பார்' என்பர். முத்துச் சிப்பி பற்றி வளர்வது அங்கேதான். சிப்பி முற்றிய ஆண்டில், கடல் அமைதியாக இருக்கும் பங்குனி சித்திரை மாதங்களில் 'சலாபம்' கூடும். 5 முதல் 10 பாகம் வரை ஆழம். ஒரு பாகம் 6 அடி. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி, குளியாளி விரைந்து இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பியை வாரிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். இழுப்பவன் கண்ணயர்ந்தால் உயிர் போயிற்று. அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையில் சொல்வர். தன் உடன்பிறந்தாள் தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?

13ஆம் நூற்றாண்டில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீன் அண்டாமல் மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போயிற்று என்கிறார். அந்த மந்திரக்காரருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். இந்த வழக்கம் எளிதில் மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், அரிப்புக் கடற்கரையில் தாம் கண்ட கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று வியப்போடு எழுதியிருக்கிறார். நமக்கு அதில் வியப்பில்லை. அச்சம் உள்ள இடத்தில் மனிதன் எல்லாக் கதவையும் தட்டுவான்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடலின் உரிமை குறித்துப் பரதவருக்கும் காயல் பகுதி இசுலாமிய வணிகருக்கும் இடையே பூசல் முற்றியது. பரதவர் ஒருவரின் காதணி அறுக்கப்பட்டதில் கலகம் மூண்டது என்பது மரபு. இரு புறமும் கொலைகள் நடந்தன. (காதறுந்த கதையை மட்டும் நினைவில் வைத்து, நாம் செய்த கொலைகளை மறந்துவிடுவது நேர்மையாகாது.) பரதவருக்குக் கடல் மூடிக்கொண்டது. அப்போது குதிரை வணிகம் செய்துவந்த ஜான் தா குரூஸ் என்னும் கிறிஸ்தவர், போர்த்துக்கீசியரின் துணையை நாடுமாறு யோசனை கூறினார். பட்டங்கட்டிமார் கொச்சி சென்றனர். 1535 தொடங்கி 1537 வரை, ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டைப் படையை முறியடித்தனர். முத்துப்பார் பரதவர் கைக்கு வந்தது. அதன்மேல் போர்த்துக்கீசியருக்கு வரியும் வந்தது. ஆகவே இது ஒரு பேரம்தான். மறைப்பானேன்?

1542 அக்டோபரில் தூய பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர இம்மக்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அவர்களுக்குக் கற்பிக்க யாரும் இருக்கவில்லை. அவர் செபங்களைத் தமிழாக்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்றார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? முத்து வரியில் ஒரு பகுதி போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தைத் தரும்படி அரசி கத்தரீனாவைக் கேட்டார், அரசியும் இசைந்தார். மூச்சடக்கியவன் உழைப்பு ஓர் அரசியின் பாதத்துக்குப் போய், மீண்டும் அவன் பிள்ளைக்குச் செபம் கற்பிக்கத் திரும்பி வந்தது.

பாதுகாப்புத் தர வந்தவர்களே கொள்ளையடித்ததையும் சவேரியார் கண்டார். தூத்துக்குடியில் இருந்த படைத்தலைவன் கொஸ்மே தெ பாய்வாவோடு அவருக்கு ஓயாத வழக்கு. 1544 சூனில் வடுகர் படை தாக்கியபோது, குமரிமுனையருகே பாறைத்தீவுகளில் ஒளிந்து பட்டினி கிடந்த மக்களுக்காக அவர் 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்காற்றால் சேர இயலாமல், பின்னர் தரைவழியே நடந்து சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் படைத்தலைவனின் கப்பலும் வீடும் எரிக்கப்பட்டு அவன் தீவுக்கு ஓடினான் என்று அறிந்ததும், 'உடனே போய் அவனுக்கு உதவுங்கள்' என்னும் கருத்தில் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதினார். நமக்கு அந்தக் கடிதம் அவருடைய அற்புதங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று இலக்கணமே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று கிடைப்பவற்றுள் முந்தியது. அவருடைய அச்சுப்பணிக்குப் பொருள் உதவியவர்கள் இந்தக் கடற்கரை மக்களே. தமிழ் அச்சு வரலாற்றில் மீன்வாடை வீசுகிறது என்பதைப் புலவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். இப்போதுதான் பேரத்துக்குச் சோதனை வந்தது. பாதுகாத்த கொடி இறங்கிவிட்டது, குருக்கள் விரட்டப்பட்டனர். முத்துப்பார் புதிய எசமானர் கையில். அவர்களோ கால்வினின் மார்க்கத்தார். பால்தேயுஸ் என்னும் போதகரை அனுப்பியும் பார்த்தனர். பிழைப்பே காரணமாக இருந்தால் மக்கள் அன்றே மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஒல்லாந்தரின் போதனைக்குச் செல்ல மறுத்தனர். குருக்கள் இருக்கும் இடம் தேடிப்போய் அருட்சாதனங்களைப் பெற்றனர். பனிமய அன்னையை, 'தஸ்நேவிஸ் மாதா' என்னும் அதே போர்த்துக்கீசியப் பெயரால் அழைத்துக்கொண்டே இருந்தனர். சாதித் தலைவரும் பட்டங்கட்டிமாரும் ஒல்லாந்தரோடு வாணிகம் செய்து வளம் பெற்றது உண்மை. கோயிலை விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் உண்மை. குளியாளியோ அன்றும் கடனில்தான் இருந்தான்.

பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் பனிமய அன்னையின் தங்கத்தேர் முதன்முறை ஓடியது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. சலாபமோ எப்போதும் நம்ப முடியாதது. 1928க்குப் பின் 1955 வரை கூடவேயில்லை. 1961இல் கூடியதே தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். 1973இல் அதே ஊரில் அறிவியலார் வளர்ப்புச் சிப்பியில் முத்தை உருவாக்கிக் காட்டினர். அதற்கு மூச்சடக்க வேண்டியதில்லை.

சங்கு குளிப்பது மட்டும் நின்றுவிடவில்லை. திரேஸ்புரத்திலிருந்து கிறிஸ்தவரும் இசுலாமியரும் அத்தொழிலுக்குப் போகின்றனர். கல் போய், படகில் உள்ள காற்றழுத்த எந்திரத்தின் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கும் பழக்கம் வந்துவிட்டது. எந்திரம் நின்றுவிடாமலும் குழாய் மடங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள, மேலே படகில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.