கத்திக்கு முன்னும் பின்னும்: தோல் அறுவையில் தொலைமருத்துவம் வளர்ந்த வரலாறு

முன்னுரை

கண்ணுக்குத் தெரியும் உறுப்பு தோல். எனவே படத்தை அனுப்பி நோயைக் கேட்டறியும் தொலைமருத்துவம் அதற்கு எளிதில் பொருந்திவந்தது. தோல் அறுவையின் நிலை வேறு. மரத்துப்போகும் ஊசி போடவும், கட்டியை அறுத்தெடுக்கவும், தையலிடவும் மருத்துவரின் கை அருகில் இருந்தாக வேண்டும். அப்படியிருந்தும் தொலைமருத்துவம் இத்துறைக்குள் நுழைந்து நிலைபெற்றது எவ்வாறு? அறுவைக்கு முன், அறுவையின்போது, அறுவைக்குப் பின் என்ற மூன்று நிலைகளில் அதன் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம்

1968இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், லோகன் விமான நிலையத்தின் மருத்துவ அறையையும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையையும் நுண்ணலைத் தொலைக்காட்சி இணைத்தது. இதை அமைத்தவர் மருத்துவர் கென்னத் பேர்ட். இடையிலிருந்த தூரம் சில கிலோமீட்டர்தான். நகர நெரிசலே தடையாக இருந்தது. தோல் நோயைத் தொலைக்காட்சி வழியே எவ்வளவு துல்லியமாகக் கணிக்கலாம் என்று இந்தக் குழுவினர் ஆராய்ந்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டனர். புகழ்பெற்ற தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அந்த ஆய்வில் பங்கேற்றார். தொலைவழித் தோல் மருத்துவத்துக்கு ‘டெலிடெர்மடாலஜி’ என்ற பெயர் 1995இல் பெரட்னியா, பிரௌன் ஆகியோரின் கட்டுரை வழியாக வழக்குக்கு வந்தது.

அறுவைக்கு முன்

எந்த மச்சத்தை அறுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதே முதல் கேள்வி. வெறும் படம் இதற்குப் போதவில்லை. தோலின் மேற்பரப்புக்குக் கீழுள்ள நிறமி அமைப்பைப் பெருக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவி அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. பிக்கோலோ, சோயர் உள்ளிட்டோர் 66 நிறமிக் கட்டிகளை ஆராய்ந்து 1999இல் எழுதினர். நேரில் பார்த்த முடிவும் படம் பார்த்த முடிவும் 91 விழுக்காடு ஒத்திருந்தன.

ஸ்பெயினின் செவில் நகரம் இதை அன்றாட நடைமுறையாக்கியது. அங்கே ஆரம்ப சுகாதார மையங்களிலிருந்து தோல் புற்றுநோய் ஐயத்துடன் அனுப்பப்பட்ட 2,009 தொலை ஆலோசனைகளை மொரேனோ ராமிரெஸ் குழு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டது. அந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் மருத்துவமனைக்கு வரவேண்டிய தேவையே இல்லை என்று தெரிந்தது. பரிந்துரைக் கடிதத்தோடு வந்தவர்கள் சுமார் 89 நாள் காத்திருந்தார்கள். படம் வழியே தேர்வானவர்கள் சுமார் 12 நாளில் மருத்துவரைப் பார்த்தார்கள். அதே ஆண்டில் அங்குள்ள மருத்துவர்கள் இன்னோர் அடி வைத்தனர். மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்க்கு அறுவைக்கு முந்தைய திட்டமிடலையும் தொலைவழியே செய்து பார்த்தனர்.

அறுவையின்போது

ஃபிரெடெரிக் மோஸ் 1930களில் விஸ்கான்சினில் உருவாக்கிய முறையில், புற்றைச் சிறிது சிறிதாக அறுத்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பு முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இன்று பெரும்பாலும் உறையவைத்து நறுக்கிய திசுவையே பார்க்கிறார்கள். அறுப்பவரே திசுவையும் படிப்பார். நோயாளி திறந்த காயத்தோடு காத்திருப்பார். அந்நேரத்தில் திசுவில் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது?

இதற்கான வழி வேறொரு துறையில் ஏற்கெனவே பிறந்திருந்தது. நோயியல் வல்லுநர் இல்லாத வட நார்வேயின் மருத்துவமனைகளுக்காக, உறைதிசுக்களைத் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்லும் சேவை 1989இல் டிரம்சோவில் தொடங்கியது. அந்த வழியில், மோஸ் அறுவைக்கும் தொலைநோயியல் உகந்ததா என்று நேஹல், புசாம், ஹால்பர்ன் ஆகியோர் ஆராய்ந்து 2002இல் எழுதினர். நுண்ணோக்கியின் காட்சி வேறிடத்து வல்லுநரின் திரைக்குப் போனது. அறுவையரங்கை விட்டு நகராமலே மருத்துவருக்கு இரண்டாம் கருத்து கிடைத்தது.

அறுவைக்குப் பின்

இரத்தக் கசிவு, சீழ், தையல் பிரிதல், ஒட்டுத்தோல் கருத்துப்போதல் ஆகியவை காயத்தில் கண்ணுக்குப் படும் மாற்றங்கள். கைப்பேசிக் கேமரா வீடுதோறும் வந்தபின், கட்டுப் பிரித்துப் பார்ப்பதற்காக மட்டும் நெடுந்தூரம் பயணிக்கும் தேவை குறைந்தது. மைசூரு மருத்துவர் ஜி. ஆர். காந்தராஜ், தோல் அறுவையில் தொலைமருத்துவத்தின் பங்கை 2008இலேயே தனிக் கட்டுரையாக எழுதியவர். இந்தியச் சூழலில் இது முன்னோடிப் பணி. கொரோனா ஊரடங்கின் முதல் நாளான 2020 மார்ச் 25 அன்று, இந்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளிவந்து இம்முறைக்கு உறுதியான நெறியைத் தந்தன.

எல்லைகள்

கட்டி அடித்தசையோடு ஒட்டியிருக்கிறதா, நெறி கட்டியிருக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் தொற்றின் சிவப்பு படத்தில் எளிதில் தெரியாது. நம் நோயாளிகளுக்கு இது பெரிய இடர். ஆகவே படத்தோடு சூடு, வலி, வீக்கம் பற்றியும் கேட்டறிவது கட்டாயம்.

முடிவுரை

இந்த அரை நூற்றாண்டில் அறுக்கும் கை நோயாளியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. தேவையற்ற பயணங்களும் காத்திருப்பும் குறைந்திருக்கின்றன. நோயாளியின் அலைச்சலைக் குறைக்கும் இடத்தில் தொலைமருத்துவம் வெற்றி பெற்றது. தொட்டுப் பார்ப்பதற்கு மாற்றாக அதை வைக்கும்போது தவறு நேரும். உடல் பரிசோதனை இன்றியமையாதது எனில், நேரில் பார்க்காமல் மருத்துவர் மேலே செல்லக் கூடாது என்று 2020 வழிகாட்டுதல்களும் கூறுகின்றன. தோல் அறுவை செய்யும் ஒவ்வொருவரும் இந்த விதியை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.